ஐரிஷ் துறவிகளின் ஒறுத்தல் கையேடுகள்: அவை பாவத்தின் விலைப்பட்டியல்தானா?

கேள்வி இது: "எந்தப் பாவத்துக்கு எத்தனை நாள் பட்டினி என்று கணக்கு எழுதிய லத்தீன் புத்தகங்கள் 6, 7-ஆம் நூற்றாண்டுகளில் இருந்தனவாமே? அயர்லாந்துத் துறவிகள்தான் ஆரம்பித்தார்களாமே? அப்படியானால் அது பாவத்துக்கு விலைப்பட்டியல் போட்டது மாதிரிதானே?"

முதல் இரண்டுக்கும் பதில் ஆமாம், சின்னத் திருத்தத்தோடு. மூன்றாவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பட்டியல் இருந்தது உண்மை. ஆனால் அதை எழுதியவர்கள் தங்களை வியாபாரியாக நினைக்கவில்லை, வைத்தியராக நினைத்தார்கள். அந்த நினைப்பு அவர்கள் எழுதிய வரிகளிலேயே தெரிகிறது.

இந்தப் புத்தகங்கள் வருவதற்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் கொலை, விபசாரம், விசுவாச மறுப்பு போன்ற பெரிய பாவம் செய்துவிட்டால், பழைய திருச்சபையில் மீள ஒரே வழிதான் உண்டு. ஆயரிடம், அதாவது அந்த வட்டாரத் திருச்சபையின் தலைவரிடம் போய், ஊரறிய, ஒறுத்தல் (பாவத்துக்குப் பரிகாரமாகச் செய்யும் தவம்) செய்வோர் கூட்டத்தில் சேர வேண்டும். வழிபாட்டில் ஒதுங்கி நிற்க வேண்டும். வழிபாட்டில் கொடுக்கும் புனித அப்பமான நற்கருணை கிடையாது. காலம் முடிந்ததும் ஆயர் திரும்பச் சேர்த்துக்கொள்வார். அதுவும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை. மறுபடி விழுந்தவருக்கு அந்த வாசல் மூடியதுதான். சேர்த்துக்கொண்ட பிறகும் நிம்மதி இல்லை. பல இடங்களில் அவர் படையில் சேரக் கூடாது, குருவாக (பாதிரியாராக) முடியாது, மனைவியோடு தாம்பத்தியம் வைத்துக்கொள்ளக் கூடாது.

இவ்வளவு கடுமையாக இருந்தால் யார் போவார்கள்? எல்லாரும் சாகும் படுக்கை வரைக்கும் தள்ளிப்போட்டார்கள். 506-இல் கால் நாட்டில் (இன்றைய பிரான்ஸ் பகுதி) அக்டே என்ற ஊரில் கூடிய ஆயர் சங்கம், இளம் வயதினருக்கு இந்த ஒறுத்தலை எளிதில் கொடுத்துவிட வேண்டாம் என்றே சொன்னது. ஆக, பாவம் செய்து வருந்துகிற ஒரு முப்பது வயது விவசாயிக்குத் திருச்சபையிடம் கொடுக்க உருப்படியாக எதுவும் இல்லை. 589-இல் ஸ்பெயினில் தொலேதோ சங்கம், சில கோயில்களில் மக்கள் பாவம் செய்யும் போதெல்லாம் குருவிடம் வந்து மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று கண்டித்து, அதை அருவருப்பான துணிச்சல் என்றது. அவர்கள் அருவருத்த அதே வழக்கம்தான் பிறகு ஐரோப்பா முழுவதற்கும் வழக்கமாயிற்று. அதைப் பரப்பியதில் பெரிய பங்கு ஒரு தீவின் துறவிகளுடையது.

அயர்லாந்து ரோமப் பேரரசுக்குள் இருந்ததே இல்லை. நகரங்கள் கிடையாது, ரோமச் சாலைகள் கிடையாது. 431-இல் திருத்தந்தை செலஸ்தீன் பல்லாதியுஸ் என்பவரை அங்குள்ள விசுவாசிகளுக்கு ஆயராக அனுப்பினார். அதே நூற்றாண்டில்தான் பேட்ரிக்கும் அங்கே உழைத்தார். நூறு வருஷத்துக்குள் அந்த நாட்டின் கிறிஸ்தவ வாழ்க்கை பெரும்பாலும் துறவு மடங்களைச் சுற்றியே அமைந்துவிட்டது. மடத்துக்குள் பாவ அறிக்கை அன்றாட விஷயம். எகிப்துப் பாலைவனத் துறவிகளிடமிருந்து வந்த பழக்கம் அது: இளையவர் தன் மனதில் ஓடுவதையெல்லாம் ஒரு மூத்தவரிடம் சொல்லுவார், அவர் கேட்டு வழி சொல்லுவார். அந்தப் பாலைவன அறிவை லத்தீனில் எழுதி மேற்குக்குக் கொண்டுவந்தவர் மார்சேயில் வாழ்ந்த யோவான் காசியான். மனிதனை அலைக்கழிக்கும் தீமைகள் எட்டு என்று அவர் வகுத்தார்: பெருந்தீனி, காமம், பேராசை, கோபம், மனச்சோர்வு, சலிப்பு, வீண்பெருமை, அகங்காரம். ஒன்றை அதன் எதிரால்தான் குணப்படுத்த வேண்டும் என்பதும் அவரிடம் உண்டு. சூடு ஏறினால் குளிர்ச்சியானதைக் கொடு என்கிற அந்தக் கால வைத்திய நூல்களின் விதியைத்தான் அவர் ஆன்மாவுக்கு எடுத்து வைத்தார்.

ஐரிஷ்காரர்கள் இந்த மூத்தவருக்கு ஓர் அழகான பெயர் வைத்தார்கள்: அன்மகாரா, அதாவது ஆன்ம நண்பர். ஆன்ம நண்பர் இல்லாத மனிதர் தலையில்லாத உடல் என்று புனித பிரிஜித் சொன்னதாக ஒரு பழைய ஐரிஷ் குறிப்பு உண்டு. அந்த மடத்துப் பழக்கம் ஒரு கட்டத்தில் மதிலைத் தாண்டி வெளியே வந்தது. சுற்றுப்புறத்துக் குடியானவர்களும் தலைவர்களும் அதே மூத்தவரிடம் வந்து பேச ஆரம்பித்தார்கள். துறவியல்லாத ஒரு மனிதருக்கு என்ன சொல்வது, எவ்வளவு கொடுப்பது? அந்தத் தேவையில்தான் கையேடு பிறந்தது.

நான் சொன்ன சின்னத் திருத்தம் இங்கேதான் வருகிறது. ஆரம்பம் முழுக்க ஐரிஷ் இல்லை, பிரிட்டன் திருச்சபைக்கும் பங்கு உண்டு. இந்த வகையில் மிகப் பழையவற்றில் ஒன்று 6-ஆம் நூற்றாண்டுப் பிரிட்டானியரான கில்டாஸ் பேரில் வழங்குகிறது. அயர்லாந்தின் முதல் முழுக் கையேட்டை எழுதிய ஃபின்னியன் என்பவரின் பெயரே சுவடியில் 'வின்னியானுஸ்' என்று பிரிட்டானிய உச்சரிப்பில் இருக்கிறது. குளோனார்டு மடத்து ஃபின்னியனா, மொவில்லா மடத்து ஃபின்னியனா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். இந்த வின்னியானுஸ் கில்டாஸுக்குக் கடிதம் எழுதி யோசனை கேட்டார் என்று கொலம்பானுஸ், 600 வாக்கில் திருத்தந்தை பெரிய கிரகோரிக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். ஆக, கடலின் இரு கரைகளிலும் இருந்தவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டு வளர்த்த விஷயம் இது.

கில்டாஸ் பேரில் உள்ள அந்தச் சிறு நூலின் முதல் பகுதியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். துறவு வாக்குக் கொடுத்த பிறகு கற்பு தவறிய குருவுக்கு மூன்று வருஷ ஒறுத்தல். சரி, மூன்று வருஷம் என்ன சாப்பிடுவார்? அதையும் எழுதியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக்கு அளவு கிடையாது, கொஞ்சம் வெண்ணெய் சேர்த்த ஒரு பதார்த்தமும் உண்டு. மற்ற நாளில் அளந்த காய்ந்த ரொட்டி, தோட்டத்துக் கீரை காய், ஒன்றிரண்டு முட்டை, பிரிட்டன் பாலாடைக்கட்டி. இந்தக் காலத்து உடம்புகள் பலவீனமானவை என்பதால் கொஞ்சம் பாலும் உண்டு. தாகத்துக்கு மோர். உடல் உழைப்பு செய்கிறவராக இருந்தால் தண்ணீரும் தரலாம். படுக்கையில் வைக்கோல் அதிகம் வேண்டாம். எனக்கு இதில் பிடித்தது அந்தப் பால்தான். 'இந்தக் காலத்து உடம்புகள் பலவீனமானவை' என்று 6-ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் எழுதி, தண்டனைக்கு நடுவில் ஒரு குவளைப் பாலை எடுத்து வைக்கிறார்.

ஃபின்னியன் சின்ன விஷயத்திலிருந்து தொடங்குகிறார். மனதில் மட்டும் பாவம் நினைத்து உடனே வருந்தினால், மார்பில் அடித்துக்கொண்டு கடவுளிடம் மன்னிப்புக் கேட்டால் போதும். அப்புறம் படிப்படியாக ஏறுகிறது. அடுத்தவரை அடிக்கவோ கொல்லவோ திட்டம் போட்ட குருவுக்கு அரை வருஷம் ரொட்டியும் தண்ணீரும், ஒரு வருஷம் இறைச்சியும் மதுவும் கிடையாது. அதே திட்டத்தைப் போட்ட பொதுநிலையினருக்கு, அதாவது குருவோ துறவியோ அல்லாத சாதாரண விசுவாசிக்கு, ஒரு வாரம்தான். காரணமும் சொல்கிறார்: அவர் இந்த உலகத்து மனிதர், இந்த உலகில் அவர் குற்றம் இலேசானது, மறு உலகில் அவர் பெறும் வெகுமதியும் குறைவு. படித்தவருக்கும் பொறுப்பில் இருப்பவருக்கும் சுமை அதிகம் என்கிற இந்த விதி எல்லாக் கையேடுகளிலும் தொடர்கிறது. விலைப்பட்டியல் என்றால் ஒரு சரக்குக்கு எல்லாரிடமும் ஒரே விலைதானே வாங்குவார்கள்?

இனி கொலம்பானுஸ். அயர்லாந்தின் லென்ஸ்டர் பகுதியில் பிறந்து, பாங்கர் மடத்தில் கொம்கால் என்பவரிடம் பயின்று, 590 வாக்கில் பன்னிரண்டு தோழர்களோடு கடல் கடந்து, பிராங்க் மக்கள் ஆண்ட கால் நாட்டுக்குப் போனவர். வோஜ் மலைக் காட்டில் ஆன்னக்ரே, லுக்சேய், ஃபோன்தேன் என்று மூன்று மடங்கள் அமைத்தார். ராணி புரூன்ஹில்டோடும் அவர் பேரன் தியுடெரிக் அரசனோடும் மோதி, 610-இல் நாடு கடத்தப்பட்டு, கடைசியில் இத்தாலியில் பொப்பியோ மடத்தை நிறுவி 615-இல் இறந்தார். அவர் வாழ்க்கையை எழுதிய யோனாஸ், கால் நாட்டில் 'ஒறுத்தலின் மருந்துகள்' கிடைப்பதே அரிதாக இருந்தது என்றும், அந்த மருந்துக்காக மக்கள் நாலா பக்கமிருந்தும் கொலம்பானுஸிடம் ஓடி வந்தார்கள் என்றும் சொல்கிறார். மருந்து என்ற சொல் யோனாஸ் தற்செயலாகப் போட்டது இல்லை. கொலம்பானுஸே தன் கையேட்டில், உடல் வைத்தியர்கள் காயத்துக்கு ஒரு மருந்து, காய்ச்சலுக்கு ஒன்று, வீக்கத்துக்கு ஒன்று, கன்றிப்போன இடத்துக்கு, சீழுக்கு, மங்கும் பார்வைக்கு, எலும்பு முறிவுக்கு, தீப்புண்ணுக்கு என்று தனித்தனியாகத் தயாரிப்பது போல ஆன்ம வைத்தியர்களும் செய்ய வேண்டும் என்கிறார். வாயாடிக்கு மௌனம், அமைதியில்லாதவனுக்குச் சாந்தம், தீனிக்காரனுக்குப் பட்டினி, தூங்குமூஞ்சிக்குக் கண்விழிப்பு. காசியானின் எதிர்மருந்து விதி அப்படியே இருக்கிறது.

அவர் கையேட்டில் கொலைக்கு விதித்ததை நான் எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் நின்றுவிடுகிறேன். அடுத்தவரைக் கொன்ற பொதுநிலையினர் மூன்று வருஷம் ஆயுதம் இல்லாமல், ஊரை விட்டு வெளியே, ரொட்டியும் தண்ணீருமாக வாழ வேண்டும். மூன்று வருஷம் முடிந்து ஊர் திரும்பி, செத்தவனுடைய பெற்றோருக்கு அவன் செய்திருக்க வேண்டிய அன்பையும் கடமையையும் இவர் செய்ய வேண்டும். அதன் பிறகுதான் குருவின் தீர்ப்புப்படி பலிபீடத்துக்கு வரலாம். கொன்றவர் ஒரு குரு என்றால் பத்து வருஷம் நாடு கடந்து போக வேண்டும். திரும்பி வந்து அந்தப் பெற்றோர் முன்னால் மகன் இடத்தில் நின்று, "நீங்கள் என்ன சொன்னாலும் செய்கிறேன்" என்று சொல்ல வேண்டும். செய்யாவிட்டால் அவருக்குச் சொந்த நாடு என்பதே இல்லை, விவிலியத்தில் தம்பியைக் கொன்ற காயீனைப் போல அலைய வேண்டியதுதான்.

ஒரு வீட்டு வாசலை நினைத்துப் பாருங்கள். மகனைப் பறிகொடுத்த வயதானவர்கள் உள்ளே இருக்கிறார்கள். பத்து வருஷம் கழித்து அவனைக் கொன்றவர் வந்து, விறகு வெட்டவும் மாடு பார்க்கவும் நான் இருக்கிறேன் என்று நிற்கிறார். அவர்கள் ஏற்றுக்கொண்டிருப்பார்களா? அதை எந்தச் சுவடியும் சொல்லவில்லை. ஆனால் இந்த விதியை எழுதியவருக்குப் பாவம் என்பது கடவுளுக்கும் பாவிக்கும் நடுவில் மட்டும் நடக்கிற கணக்கு இல்லை என்பது நன்றாகத் தெரிகிறது.

இந்த எண்ணத்துக்கு அயர்லாந்தின் நாட்டுச் சட்டத்தில் வேர் இருக்கிறது. ஐரிஷ் சமூகத்தில் சிறைச்சாலை கிடையாது, காவல்துறை கிடையாது. குற்றம் செய்தவரும் அவர் குடும்பமும் பாதிக்கப்பட்டவருக்கு ஈடு கொடுத்துத் தீர்ப்பதுதான் நீதி. ஒரு சுதந்திர மனிதனைக் கொன்றால் எராக் என்ற ஈடு 7 குமல். குமல் என்றால் முதலில் அடிமைப் பெண் என்று பொருள், பிறகு மதிப்பை அளக்கும் அலகாகிவிட்டது. அடித்துக் காயப்படுத்தினால், காயம்பட்டவரைப் படுக்க வைத்துப் பார்த்துக்கொள்ளும் செலவு, சாப்பாடு, அவர் வேலையைச் செய்ய மாற்று ஆள் எல்லாம் அடித்தவர் பொறுப்பு. இந்தச் சட்டங்கள் 7, 8-ஆம் நூற்றாண்டுகளில் ஐரிஷ் மொழியில் எழுதப்பட்டன. இப்போது கும்மியன் என்ற இன்னொரு ஐரிஷ்காரரின் கையேட்டைத் திறந்து கோபம் பற்றிய பகுதியைப் பாருங்கள்: சண்டையில் ஒருவரை அடித்து முடமாக்கியவர் வைத்தியச் செலவைக் கொடுக்க வேண்டும், உடல் குறைக்கு ஈடு கொடுக்க வேண்டும், காயம் ஆறும்வரை அவருடைய வேலையைச் செய்ய வேண்டும், அதற்குமேல் அரை வருஷம் ஒறுத்தல். ஈடு கொடுக்க வசதி இல்லாதவர் ஒரு வருஷம் ஒறுத்தல். நாட்டுச் சட்டமும் மடத்து விதியும் ஒரே வரியில் கை கோத்து நிற்கின்றன.

கும்மியன் கையேடு 650 வாக்கில் எழுதப்பட்டது. ஆசிரியர் 662-இல் இறந்த 'நெடிய கும்மியன்' என்று பொதுவாக அடையாளம் காண்கிறார்கள். என் கணிப்பில் இந்த வகை நூல்களில் உச்சம் இதுதான். காசியானின் எட்டுத் தீமைகளையே அத்தியாயங்களாக வைத்திருக்கிறார். முதல் அத்தியாயம் பெருந்தீனியும் குடியும். குடித்து வெறிகொண்டவர் துறவியானால் 40 நாள் ரொட்டியும் தண்ணீரும், பொதுநிலையினரானால் 7 நாள். சரி, தோழமைக்காக இன்னொருவரை வற்புறுத்திக் குடிக்க வைத்தவருக்கு? குடித்தவருக்கு உள்ள அதே ஒறுத்தல். பகையால் குடிக்க வைத்திருந்தால் அவரைக் கொலைகாரராகவே கருத வேண்டும். செயல் ஒன்றுதான், நோக்கத்தைப் பார்த்து மருந்து மாறுகிறது.

அளவு மீறித் தின்று வயிறு உப்பி வலித்தால் ஒரு நாள். நோய் எதுவும் இல்லாமல் வாந்தி எடுக்கும் அளவுக்குப் போனால் 7 நாள். நற்கருணை அப்பத்தை வாந்தி எடுத்துவிட்டால் 40 நாள், நோயால் அப்படி ஆனால் 7 நாள், நாய் அதை நக்கிவிட்டால் 100 நாள். அப்பத்தைச் சரியாகப் பாதுகாக்காமல் எலி தின்றுவிட்டால் 40 நாள். உணவு திருடிய மடத்து ஆளுக்கு முதல் தடவை 40 நாள், இரண்டாம் தடவை மூன்று நாற்பதுகள், மூன்றாம் தடவை ஒரு வருஷம், நான்காம் தடவை வேறொரு மடத் தலைவரின் கீழ் நிரந்தரமாகப் போக வேண்டும். பத்து வயதுப் பையன் திருடினால் 7 நாள். இந்த நாய், எலி, பையன் எல்லாம் படிக்கும்போது சிலருக்குச் சிரிப்பு வருகிறது. எனக்கு அங்கே ஒரு வாழும் மடம் தெரிகிறது: பாதுகாப்பில்லாத பெட்டி, பசித்த பையன்கள், விருந்துக்கு அடுத்த நாள் காலை.

கடைசிப் பக்கத்தில் கும்மியன் மொத்தப் பட்டியலுக்கும் மேலே ஒரு விதி வைக்கிறார். ஒருவர் எவ்வளவு காலம் அந்தப் பாவத்தில் இருந்தார், எவ்வளவு படித்தவர், எந்த உணர்ச்சி அவரை ஆட்டியது, எவ்வளவு திடமாக இருக்கிறார், எவ்வளவு அழுகிறார், எந்த நெருக்கடி அவரை அதில் தள்ளியது என்றெல்லாம் பார்க்க வேண்டும். எல்லாருடைய மனதையும் அறிந்து, வெவ்வேறு சுபாவங்களைக் கொடுத்த கடவுள், எல்லாப் பாவத்தையும் ஒரே தராசில் நிறுக்க மாட்டார் என்கிறார். பட்டியலை மட்டும் எடுத்துக் காட்டுகிறவர்கள் இந்தப் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

எல்லாம் இப்படி இதமாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். இந்தக் கையேடுகளில் பெரும்பகுதியை உடலுறவு பற்றிய விதிகள் அடைத்துக்கொள்கின்றன. மணமானவர்களுக்கே கும்மியன் தடை செய்யும் நாட்கள் ஏராளம்: வருஷத்தில் மூன்று நாற்பது நாள் காலங்கள், சனி, ஞாயிறு இரவுகள், வாரத்தில் குறித்த இரண்டு நாள், கருவுற்ற பிறகு, மாதவிலக்கின்போது. துறவிகள் தங்கள் வாழ்க்கையின் அளவை அப்படியே குடும்பஸ்தர் மீது போட்டுவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அடிமைப் பெண்ணின் நிலை இன்னும் மோசம். மனைவி இருக்கும்போது தன் அடிமைப் பெண்ணோடு சேர்ந்த ஆணுக்கு ஃபின்னியன் ஒறுத்தல் விதிக்கிறார், ஆனால் அந்தப் பெண்ணை விற்றுவிட வேண்டும் என்கிறார். பாவம் அவனுடையது, விற்கப்படுவது அவள். குழந்தை பிறந்திருந்தால் மட்டும் விற்கக் கூடாது, விடுதலை செய்ய வேண்டும் என்கிறார். அந்தக் கடைசி விதி அவளுக்கு ஒரு கதவைத் திறந்தது உண்மை. அதற்காக முன்னது சரியாகிவிடாது.

விலைப்பட்டியல் என்ற பெயர் வருவதற்கு உண்மையான காரணம் வேறு ஒன்றில் இருக்கிறது. பழைய ஐரிஷில் அதற்கு அர்ரா என்று பெயர், லத்தீனில் அர்ரேயும் என்றார்கள். நீண்ட ஒறுத்தலைக் குறுகிய, கடுமையான ஒன்றாக மாற்றிக்கொள்ளும் முறை அது. ஒரு வருஷப் பட்டினிக்குப் பதிலாகத் தூக்கமும் உணவும் இல்லாத மூன்று நாள், கைகளைச் சிலுவையாக விரித்துக்கொண்டு விவிலியத்தின் திருப்பாடல்கள் சொல்வது, முட்டி போடுவது. தண்ணீரில், முட்செடிகளின் மேல், கொட்டை ஓடுகளின் மேல், ஏன், பிணத்தோடு படுத்து இரவைக் கழிப்பது பற்றியெல்லாம் ஐரிஷ் மொழியில் உள்ள அட்டவணை பேசுகிறது. இதை ஏன் ஏற்படுத்தினார்கள் என்றும் அதிலேயே இருக்கிறது: பாவத்திலிருந்து சீக்கிரம் பிரிய, மேலும் பாவம் சேராமல் இருக்க, ஒறுத்தல் முடிவதற்குள் உயிர் போய்விடுமோ என்ற பயத்தால், சீக்கிரம் நற்கருணைக்கு வர. நாலும் நியாயமான காரணங்கள்தான். ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று மாற்றத் தொடங்கியதும், பிறகு அதில் காசு வந்தது, தான தர்மம் வந்தது, கூலிக்குத் திருப்பாடல் சொல்ல ஆள் வந்தது.

இது எங்கே போய் முடிந்தது என்பதை 1000-ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தில் எழுதப்பட்ட ஒரு விதி காட்டுகிறது. நண்பர்கள் நிறைந்த ஒரு பிரபு ஏழு வருஷப் பட்டினியை மூன்று நாளில் முடிக்கலாம். எப்படி? 12 பேரைச் சேர்த்து மூன்று நாள் ரொட்டியும் தண்ணீரும் பச்சைக் காயுமாக இருக்க வைக்க வேண்டும். அப்புறம் 120 பேராக ஏழு கூட்டம், அவர்களுக்கும் மூன்று மூன்று நாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 12 பேர் மூன்று நாள் 36, 840 பேர் மூன்று நாள் 2520, மொத்தம் 2556. ஏழு வருஷத்துக்கு 2555 நாள். துல்லியமாகத்தான் போட்டிருக்கிறார்கள். அதை எழுதியவருக்கே மனம் ஒப்பவில்லை போலிருக்கிறது. இது பலம் உள்ளவருக்குக் கிடைக்கும் சலுகை, ஏழையால் முடியாது, அவர் தன்னிடத்திலேயே தேட வேண்டும் என்று சொல்லி, அவரவர் தப்பை அவரவரே தீர்ப்பதுதான் மிகவும் நியாயம் என்றும் சேர்த்து எழுதியிருக்கிறார்.

இங்கிலாந்திலும் ஐரோப்பியக் கண்டத்திலும் இந்த நூல்கள் வேகமாகப் பரவின. இங்கிலாந்தில் கான்டர்பரி பேராயராக 668 முதல் 690 வரை இருந்த தியோடர், திருத்தூதர் பவுலின் ஊரான தார்சுஸில் பிறந்த கிரேக்கர். எயோதா என்ற குரு கேட்ட கேள்விகளுக்கு அவர் சொன்ன பதில்கள் ஒரு கையேடாகத் தொகுக்கப்பட்டன, அதில் 'ஐரிஷ்காரர்களின் சிறு நூல்' என்று ஒன்று குறிப்பிடப்படுகிறது. ஆசியா மைனரில் பிறந்தவர் ஐரிஷ் நூலை எடுத்து வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் பதில் சொல்லியிருக்கிறார். அப்புறம் ஒவ்வொரு எழுத்தரும் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் எடுத்துக் கலந்து எழுதியதில், ஒரே பாவத்துக்கு ஒரு நூலில் மூன்று வருஷம், இன்னொன்றில் ஏழு வருஷம் என்று குழப்பம் வந்தது. பிராங்க் பேரரசர் சார்லமேன் காலத்து ஆயர்கள் பொறுமை இழந்தார்கள். 813-இல் ஷாலோன் சங்கம் சொன்ன வரி பிரசித்தம்: இந்தப் புத்தகங்களின் தவறுகள் நிச்சயம், ஆசிரியர்கள் நிச்சயமில்லை. 829-இல் பாரீஸ் சங்கம், ஆயர்கள் இவற்றைத் தேடிப் பிடித்து எரிக்க வேண்டும் என்றது. எரித்து முடிந்ததா? இல்லை. கிராமத்துக் குருவுக்கு ஒரு கையேடு இல்லாமல் வேலை நடக்காது. அடுத்த வருஷ வாக்கில் கம்ப்ரே ஆயர் ஹாலிட்கார் ஒரு புதிய, முறையான தொகுப்பு எழுதினார், ஆறாவது புத்தகத்தை ரோமின் ஆவணக் களஞ்சியத்திலிருந்து எடுத்ததாகச் சொன்னார். திறந்து பார்த்தால் அதிலும் பழைய தீவு நூல்களின் சரக்குதான் பெரும்பாலும். ஒன்று கவனியுங்கள், ஃபின்னியன், கொலம்பானுஸ், கும்மியன் நூல்கள் நம் கைக்கு வந்தது கண்டத்து மடங்களில் படியெடுத்த சுவடிகள் வழியாகத்தான்.

1000 முதல் 1025 வரை வோர்ம்ஸ் ஆயராக இருந்த பூர்கார்டு தன் பெரிய சட்டத் தொகுப்பின் 19-ஆம் புத்தகத்தை ஒறுத்தலுக்கென்று ஒதுக்கி, அதற்கு 'திருத்துபவர், அல்லது வைத்தியர்' என்று பெயர் வைத்தார். நானூறு வருஷம் கழித்தும் அந்த வைத்தியர் போகவில்லை. குரு கேட்க வேண்டிய கேள்விகளாக அது எழுதப்பட்டிருக்கிறது. ஒன்று மழை பற்றியது. மழை பொய்த்தால் பெண்கள் ஒரு சிறுமியை ஆடையில்லாமல் ஊருக்கு வெளியே அழைத்துப் போகிறார்கள். அவள் வலது கைச் சுண்டுவிரலால் ஒரு மூலிகையை வேரோடு பிடுங்கி, அதை வலது கால் சுண்டுவிரலில் கட்டி இழுத்து வர, மற்றப் பெண்கள் கையில் குச்சிகளோடு அவளை ஆற்றில் இறக்கித் தண்ணீர் தெளிக்கிறார்கள். பிறகு நண்டு மாதிரி பின்னால் நடந்தே ஊர் திரும்ப வேண்டும். இப்படிச் செய்தாயா என்பது கேள்வி, பதில் ஆமாம் என்றால் 20 நாள் ரொட்டியும் தண்ணீரும். ரைன் நதிக்கரையில் 11-ஆம் நூற்றாண்டுக் கிராமத்துப் பெண்கள் என்ன செய்தார்கள் என்று வேறு யார் நமக்குச் சொல்லியிருப்பார்கள்?

இதெல்லாம் ஏட்டில் மட்டும் இருந்ததா, நடைமுறையில் இருந்ததா என்று கேட்பீர்கள். நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த ஹேஸ்டிங்ஸ் போரைப் பாருங்கள். 1066-இல் வென்ற நார்மன் படைவீரர்களுக்கு, சில வருஷங்களில், ஆயர்கள் ஒறுத்தல் விதித்தார்கள். கொன்ற ஒவ்வொருவருக்கும் ஒரு வருஷம். அடித்தேன், செத்தானா தெரியாது என்றால் தலைக்கு 40 நாள். எத்தனை பேரைக் கொன்றேன் என்றே தெரியாது என்றால் வாழ்நாள் முழுக்க வாரம் ஒரு நாள், அல்லது ஒரு கோயில் கட்டலாம். வில்லாளிகளுக்குத் தங்கள் அம்பு யாரைக் கொன்றது என்று தெரிய வழியில்லை, அதனால் அவர்களுக்கு மூன்று தவக்காலங்கள், அதாவது மூன்று நாற்பது நாள் காலங்கள். வென்ற அரசன் உயிரோடு ஆட்சி செய்யும்போதே அவன் படைக்கு இதைச் சொல்லியிருக்கிறார்கள். நியாயமான போர் என்றாலும் மனிதனைக் கொன்றது கொன்றதுதான் என்ற நினைப்பு அதில் இருக்கிறது.

1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம், வயது வந்த ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒருமுறையாவது தன் பங்குக் குருவிடம் தனியே பாவ அறிக்கை செய்ய வேண்டும் என்று சட்டமாக்கியது. அதே விதியில், குரு தேர்ந்த வைத்தியரைப் போலக் காயத்தின் மேல் எண்ணெயும் திராட்சை ரசமும் ஊற்ற வேண்டும் என்றும் இருக்கிறது. அதன் பிறகு நாள் கணக்குப் பட்டியல்கள் ஒதுங்கி, குருவின் விவேகத்துக்கு இடம் விடும் புதிய கையேடுகள் வந்தன. மீண்டும் மீண்டும் வரலாம், தனியாகச் சொல்லலாம், சாதாரணக் குருவிடமே சொல்லலாம், அவர் கொடுப்பதைச் செய்து முடிக்கலாம் என்ற அமைப்பு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

அந்த அமைப்பு நம் மொழிக்கும் வந்தது. முத்துக்குளித்துறையில் உழைத்த போர்த்துக்கீசியத் துறவி அன்றீக்கு அன்றீக்கஸ் 1580-இல் கொச்சியில் பாவ அறிக்கைக்கென்றே ஒரு தமிழ்ப் புத்தகத்தை அச்சிட்டார். 'கொம்பெசியோனாயரு' என்று அதற்குப் பெயர், தமிழில் அச்சான முதல் சில புத்தகங்களில் ஒன்று. சின்ன வயதில் பங்குக் கோயிலில் மரச் சல்லடைக்கு இந்தப் பக்கம் முட்டி போட்டு, அம்மாவிடம் பொய் சொன்னதையும் தம்பியை அடித்ததையும் நான் சொன்னபோது, அந்தப் பக்கத்திலிருந்து சாமியார் முதலில் கேட்டது, "தம்பிகிட்ட மன்னிப்புக் கேட்டியா?" அதற்கு அப்புறம்தான் 'அருள்நிறை மரியே' ஜெபத்தை மூன்று முறை சொல்லச் சொன்னார்.